ஒன்பதாம் நாள் வத்தாளங்கிழங்குப் புடிங்

“உங்கள் வீட்டில் தேங்காய் துருவுகிற அந்தக் கருவி இன்னும் இருக்கிறதா? ஞாயிற்றுக்கிழமைக்குத் தேவை. அம்மாவுக்கு.”

சென்ற ஆண்டு ஒக்டோபரில், ஒரு புதன்கிழமை மாலை, டேனிஷ் மொழியில் என் மனைவியின் கைபேசிக்கு வந்த குறுஞ்செய்தி இது. மொழிபெயர்ப்பு என்னுடையது. அனுப்பியவள் மனைவியின் தோழி ஒருவரின் மகள். தோழி அதற்கு முந்திய சனிக்கிழமை காலை இறந்திருந்தார்.

அந்தத் தோழி ஜமைக்காவில் பிறந்தவர். டேனிஷ் கப்பற்காரர் ஒருவரை மணந்து இங்கே வந்தவர். கப்பற்காரர் பிரிந்து போய் நெடுங்காலம். கோப்பன்ஹேகனில் ஒரு மருத்துவமனையில் அவரும் என் மனைவியும் ஒரே மாடியைச் சுத்தம் செய்தார்கள். இருவருக்கும் டேனிஷ் அரைகுறை. அந்த அரைகுறை மொழியில் அவர்கள் கதைத்தது பெரும்பாலும் சமையலைப் பற்றித்தான். நத்தாருக்கு அவர் ஒரு பிஸ்கட் ரின் நிறைய இனிப்புக் கொடுத்துவிடுவார். தேங்காயைச் சிறு துண்டுகளாக வெட்டி, மண்ணிறச் சீனியும் இடித்த இஞ்சியும் போட்டு வற்றக் காய்ச்சி, கரண்டி கரண்டியாகத் தட்டில் விட்டு ஆறவைத்தது. ‘டிராப்ஸ்’ என்பார். மனைவி ஒன்றை வாயில் போட்டு, “எங்கட ஆக்கள் இதைத் துருவித்தான் செய்வினம். இவள் பல்லுக்கு வேலை குடுக்கிறாள்” என்பாள். பிறகு ரின்னை எனக்கு எட்டாத தட்டில் வைப்பாள்.

செய்தி வந்த அன்றே மனைவி அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுக் கதைத்தாள். அப்போதுதான் முழு விஷயமும் தெரிந்தது.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. ஒருவர் இறந்தால் ஒன்பதாம் நாள் வீட்டில் ஆட்கள் கூடுவார்கள். ஒரு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, இறந்தவருக்குப் பிடித்தவற்றை வைப்பார்கள். அவருக்குரிய நேரம் கழியும்வரை ஒருவரும் அதில் கை வைக்கக்கூடாது. மனைவி கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள். இறந்த எட்டாம் நாள் நாங்கள் படைக்கும் எட்டுச்செலவை யாரோ எங்களுக்கே விளங்கப்படுத்துவது போலிருந்தது.

மேசையை ஒழுங்கு செய்ய ஜமைக்காவிலிருந்து பெரியம்மா, அதாவது இறந்தவரின் அக்கா, வருகிறார். அவருக்குக் கிடைத்த விமானம் சனிக்கிழமை இரவுதான் இங்கே வந்து சேரும். வெள்ளிக்கிழமை நடக்கும் இறுதி வழிபாட்டுக்கும் தகனத்துக்கும் அவரால் வர முடியாது. அஸ்திக் கலசம் அடுத்த கிழமைதான் கையில் கிடைக்கும். அதைத் தன்னோடு கொண்டுபோகப் போவதாக அவர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். அவர் சொன்ன காரணம்தான் இந்தப் பெண்ணைத் தூங்கவிடாமல் செய்திருந்தது: அவளுக்கென்று ஒரு மேசை வைக்கக்கூடத் தெரிந்தவர்கள் இல்லாத ஊரில் என் தங்கச்சி ஏன் கிடக்க வேண்டும்?

பெண்ணுக்கு முப்பது வயதுக்குள். தாய் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. செய்ததைச் சாப்பிட்டது மட்டும்தான். தாய் இங்கேயே, தான் சைக்கிளில் போய்வரக்கூடிய தூரத்தில், இருக்க வேண்டும் என்பது அவள் ஆசை. வேறொன்றும் கேட்கவில்லை. மேசை சரியாக அமைந்தால் பெரியம்மா வாயைத் திறக்கமாட்டார் என்று நம்பினாள்.

“செய்யலாம்” என்று மனைவி சொன்னாள். என்ன செய்யப் போகிறோம் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது.

எனக்கு நாட்களை எண்ணுவதில் ஒரு பழக்கம் உண்டு. எதையும் குறித்து வைப்பேன்; குறித்தது சரிதானா என்று திரும்பவும் பார்ப்பேன். இறந்த நாளையே முதல் நாளாக எண்ணுவது எங்கள் முறை. அப்படியானால் சனி எட்டு, ஞாயிறு ஒன்பது. மறுநாளிலிருந்து எண்ணினால் ஒன்பதாம் நாள் திங்களில் விழும். இதை அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவள் பெரியம்மாவிடம் கேட்டாள். ஞாயிறுதான், அன்றைக்குத்தான் ஆட்களுக்கு வேலை இல்லை என்று பதில் வந்தது. நூல்களைப் புரட்டிக்கொண்டிருந்த நான் அவற்றை மூடி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை தேவாலயத்தில் முன்வரிசை அரைவாசி வெறுமையாக இருந்தது. மனைவி அழவில்லை. வீட்டுக்கு வந்து, சுத்தமாக இருந்த குசினி அலுமாரிகளைத் திரும்பவும் துடைத்தாள். நான் தேங்காய் வாங்கப் போனேன்.

தமிழ்க் கடைக்காரர் என் கூடையைப் பார்த்தார்.

“என்ன அண்ணை, சிதறுதேங்காய் அடிக்கப் போறியளோ? தேர் முடிஞ்சு எவ்வளவு காலம்.”

“செத்தவீட்டுக்கு” என்றேன்.

அவர் கூடைக்குள் கையை விட்டு ஒவ்வொரு தேங்காயாக எடுத்துக் காதோடு வைத்துக் குலுக்கினார். இரண்டை மாற்றினார். “முதலே சொல்லியிருக்கலாமே” என்றார். சர்க்கரைவள்ளி என்றும் சொல்லும் வத்தாளங்கிழங்கிலும் தோல் சிவந்து உள்ளே வெள்ளையாக இருப்பதைத் தானே பொறுக்கித் தந்தார். பேரங்காடியில் கிடைக்கும் செம்மஞ்சள் கிழங்கு தண்ணீர் விடும், புடிங் இறுகாது என்று அந்தப் பெண் எங்கோ வாசித்துச் சொல்லியிருந்தாள்.

மூன்று இனிப்புகள் என்று தீர்மானமாயிற்று. ஒன்று டிராப்ஸ். இன்னொன்று கிஸாடா: சிறு மாக்கிண்ணங்களின் விளிம்பைச் சுற்றிவரக் கிள்ளி, சீனியில் காய்ச்சிய தேங்காய்ப்பூவும் சாதிக்காயும் நிரப்பிச் சுடுவது. மூன்றாவது வத்தாளங்கிழங்குப் புடிங். தோழிக்கு அதுதான் உயிர் என்றாள் பெண்.

சனிக்கிழமை காலை மனைவி தலைமுழுகிவிட்டுக் குசினிக்குள் வந்தாள்.

“இஞ்சாருங்கோ, இண்டைக்கு எட்டெல்லோ.”

எனக்கும் அது நினைவிருந்தது. அவள் சொன்னபிறகு அன்றைய சமையல் எங்கள் வீட்டுப் படையல் சமையலாக மாறிவிட்டது. வானொலி இல்லை. தேநீர்கூடக் குடிக்கவில்லை. அந்தப் பெண் வந்து, கிஸாடாவுக்கான தேங்காய்ப்பூவைக் கிண்டியபின் கரண்டியை நக்கப் போனாள். மனைவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். டேனிஷில் சொன்னாள், “பிள்ளை” மட்டும் தமிழில்.

“வேண்டாம் பிள்ளை. முதல் அம்மா.”

பெண் கரண்டியைக் கழுவி வைத்தாள். அதன்பிறகு எவரும் எதையும் வாயில் வைக்கவில்லை. படையலுக்குச் செய்வதை ருசி பார்ப்பது எங்களில் இல்லை. கைப்பழக்கத்தை நம்பித்தான் செய்வது. ஆனால் அந்தக் கைக்குப் பழக்கமான சமையலா இது என்று அப்போது நாங்கள் யோசிக்கவில்லை.

டிராப்ஸைத் தானே செய்வதாகப் பெண் பிடிவாதமாக நின்றாள். தேங்காயை ஓட்டிலிருந்து நெம்பி எடுத்து, மண்ணிறத் தோலோடு துண்டு துண்டாக வெட்டினாள். ஒன்று பட்டாணியளவு, அடுத்தது தாயக்கட்டையளவு. என் மனைவிக்குத் தாங்கவில்லை. தேங்காய்ப்பூவில் ஒரு கறுப்புத் துணுக்கு விழுந்தாலும் பொறுக்கி எறிகிறவள் அவள். தோலைச் சீவச் சொன்னாள். அம்மா சீவுவதில்லை என்றாள் பெண். மனைவி துண்டுகளையாவது ஒரேயளவாக்கச் சொன்னாள். பெண் வெட்டிக்கொண்டே போனாள். விரலில் வெட்டு விழுந்து பிளாஸ்டர் போட்ட பிறகும் கத்தியைக் கொடுக்கவில்லை. அடுப்பில் வைத்தபின்னும் அந்தச் சட்டியை விட்டு அசையவில்லை. தேங்காய், சீனி, இஞ்சி, தண்ணீர். ஒருவரையும் கிட்ட விடவில்லை.

கிஸாடாவுக்கு மாவைக் குழைத்துக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது; எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குசினி சிறியது, நான் நின்றால் இருவருக்கும் இடைஞ்சல். இருந்தால் எழும்பினேன், எழும்பினால் போக இடமில்லை. பெரியம்மாவின் விமானம் எங்கே நிற்கிறது என்று கைபேசியில் பார்த்தேன். பலகணிக்குப் போனேன். காற்று சைக்கிள்காரர்களைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டிருந்தது. உள்ளே வந்தேன். மனைவி பெரிய சட்டியில் துருவிய கிழங்கையும் தேங்காய்ப்பாலையும் மாவையும் சீனியையும், இஞ்சியும் சாதிக்காயும் சேர்த்து, கையால் பிசைந்துகொண்டிருந்தாள். முந்திரிகை வத்தலை எடுத்துத் தரச் சொன்னாள். தந்தேன். திரும்பவும் பலகணிக்குப் போனேன். மறுபடி வந்தபோது தட்டு அவணுக்குள் இருந்தது. பாதி வெந்ததும் மேலே இன்னும் கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றினாள். வாசம் மட்டும் எங்களுடையது போலவும் இல்லை, இல்லாமலும் இல்லை.

ஞாயிறு பிற்பகல் தோழியின் வீட்டுக்குப் போனோம். கோப்பன்ஹேகனின் புறநகரான புரொண்பியில் எங்கள் கட்டடத்திலிருந்து நடக்கும் தூரம்தான். மற்றவர்கள் வர இன்னும் நேரமிருந்தது. பெரியம்மா உயரமானவர். வீட்டுக்குள்ளும் குளிர்மேலங்கியைக் கழற்றவில்லை. தலையில் கறுப்புத் தொப்பி. மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு சிறு கிளாஸ் ரம், பால் விடாத கோப்பி எல்லாம் ஏற்கெனவே வைத்திருந்தார். எங்களுக்குக் கைகொடுத்தார். உணவுப் பெட்டிகளை வாங்கி ஒவ்வொன்றாகத் திறந்தார்.

அவர் பேசியது ஆங்கிலம். எனக்குப் பாதி பிடிபட்டது, மீதியைப் பெண் டேனிஷில் சொன்னாள். முதலில் கிஸாடாவைப் பார்த்தார். விளிம்பு நன்றாகக் கிள்ளியிருக்கிறது என்றார். பெண் மூச்சு விட்டாள். அடுத்து அவர் கேட்டது, மாவில் உப்புப் போட்டதா என்று.

போட்டது என்றேன். மாவைக் குழைத்தது நான்தான். உப்பில்லாமல் யாராவது மா குழைப்பார்களா?

அவர் கிஸாடாவை மூடி, பக்கத்து அலுமாரியின் மேல் வைத்தார். கோபமில்லை. இறந்தவர்களின் பங்கில் உப்புச் சேர்ப்பதில்லை என்று சொன்னார். உப்பிட்டதை அவர்கள் கிட்ட வந்து பார்க்கவும் மாட்டார்கள். இது அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவள் வாசித்த எந்தச் செய்முறையிலும் இது இல்லை. அவை உயிரோடிருப்பவர்கள் சாப்பிடுவதற்கு எழுதப்பட்டவை.

பிறகு புடிங்கைத் திறந்தார். அதையே கேட்டார்.

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் தன் வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் பாயாசத்துக்கும் ஒரு சிட்டிகை உப்பு விழும். சீனியைத் தூக்கிக் கொடுக்கும் என்பார்கள். அதை அவள் போடுகிறாள் என்று சொல்வதைவிட அவளுடைய கை போடுகிறது என்று சொல்லலாம். உப்புப் போத்தல் அடுப்பின் வலப்பக்கத்தில், மூடியில்லாமல் எப்போதும் இருக்கும்.

“இஞ்சாருங்கோ, நீங்கள் பார்த்தனீங்களோ?”

“இல்லை. நான் வெளியில நிண்டனான்.”

“ருசி பார்த்திருந்தாலாவது…” என்று தொடங்கி நிறுத்திவிட்டாள்.

பெண்ணுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் விளங்கிவிட்டது. பெரியம்மாவுக்கு டேனிஷ் தெரியாது. அந்த இடைவெளியில் அவள் மனைவியிடம் அவசரமாக, குரலை உயர்த்தாமல், இல்லையென்று சொல்லுங்கள் என்றாள். ஒரு சொல்தானே என்றாள். இல்லாவிட்டால் அம்மாவைக் கொண்டுபோய்விடுவார் என்றாள்.

நான் சொல்லியிருப்பேன். இதை மறைக்க எனக்குக் காரணமில்லை. அந்த நேரம் பெரியம்மா என்னைக் கேட்டிருந்தால், உப்பு இல்லை என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகப் படுத்திருப்பேன். அவர் கேட்டது மனைவியை.

மனைவி பெண்ணின் பக்கம் திரும்பினாள். அவள் சொன்னது உடைந்த டேனிஷ். அதை நான் எங்கள் பேச்சில்தான் எழுத முடியும்.

“பிள்ளை, இதைச் சாப்பிடப் போறது பெரியம்மா இல்லை. அம்மா. நான் இல்லையெண்டு சொல்லி, உப்பு இருந்துதெண்டால், அவள் வந்திட்டுப் பசியோட போவாள்.”

பெரியம்மா, என்ன பேசுகிறீர்கள் என்று கேட்டார். பெண் மேசைத் துணியின் ஓரத்தை இழுத்து நேராக்கினாள். நேராகத்தான் இருந்தது. பிறகு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னாள்: இந்த அன்ரிக்குத் தெரியாது. போட்டிருக்கலாம். அவர்கள் இறந்தவர்களுக்குச் செய்வதை முதலில் வாயில் வைப்பதில்லை, அதனால் ஒருவரும் ருசி பார்க்கவில்லை. நான்தான் பொய் சொல்லச் சொன்னேன். அதையும் விடாமல் சொன்னாள்.

பெரியம்மா புடிங்கையும் தூக்கி அலுமாரியின் மேல் வைத்தார். மேசையில் தண்ணீரும் ரம்மும் கோப்பியும்தான். வாசல் மணி அடித்தது; ஒருவரும் அசையவில்லை. நான் போய்க் கதவைத் திறந்து, வந்தவர்களைச் சற்று நேரம் நடையிலேயே நிறுத்திக் கதை கொடுத்தேன். என்ன கதைத்தேன் என்று நினைவில்லை. மழையைப் பற்றியிருக்கும்.

திரும்பி வந்தபோது கடைசிப் பெட்டி திறந்திருந்தது. மனைவி அதை மற்றவற்றுக்கு அடியில், ஆட்கள் பார்க்காதபடி வைத்துக் கொண்டுவந்திருந்தாள். பெரியம்மா ஒரு டிராப்ஸைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். கோணல்மாணலாக, தோலும் துண்டுமாக இருந்தது.

“யார் வெட்டியது?” என்று கேட்டார்.

பெண் பிளாஸ்டர் போட்ட விரலைக் காட்டினாள்.

“உப்பு?”

“இல்லை. நான் பக்கத்திலேயே நின்றேன்.”

பெரியம்மா அதை ஒரு வெள்ளைத் தட்டில் வைத்தார். இன்னும் இரண்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். தட்டை மேசையின் நடுவில் நகர்த்தினார். தங்கச்சியின் வெட்டும் இப்படித்தான், அம்மாவிடம் ஒவ்வொரு முறையும் ஏச்சு வாங்குவாள் என்றார். பிறகு மேலங்கியைக் கழற்றிக் கதிரையில் போட்டுவிட்டு, ஆட்களை உள்ளே வரச் சொன்னார்.

அன்று நாங்கள் இருட்டும்வரை இருந்தோம். பாட்டு இருந்தது, சிரிப்பும் இருந்தது. எங்கள் செத்தவீடுகளில் இவ்வளவு சிரிப்பதில்லை. மேசை இறந்தவருக்குரிய நேரம் முழுவதும் தொடாமல் இருந்தது. அலுமாரியின் மேலிருந்தவை உயிரோடிருப்பவர்களுக்கு என்று பெரியம்மா தானே புடிங்கை வெட்டிக் கொடுத்தார். உப்புக் கேள்வி அப்போது எல்லார் வாய்க்கும் வந்தது. ஒருவர் உப்பு இருக்கிறது என்றார். அடுத்தவர் இல்லவே இல்லை என்றார். எனக்குத் தேங்காய்ப்பாலும் இஞ்சியும்தான் தெரிந்தன. மனைவி ஒரு துண்டு வாயில் வைத்து “கிடக்கு” என்றாள். இரண்டாவது துண்டுக்கு “இல்லைப் போல” என்றாள். பெரியம்மா இரண்டு துண்டு சாப்பிட்டார். உப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சாதிக்காய் போதாது என்றார்.

அவர் இன்னும் ஒரு கிழமை இருந்தார். அந்தக் கிழமை கலசத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று பெண் ஒவ்வொரு நாளும் மனைவிக்கு எழுதினாள். பேசாமலிருப்பது நல்லதா கெட்டதா என்று எங்களுக்குத் தெரியவில்லை. வேலைக்குப் போன இடத்திலும் எனக்கு மனம் நிலைகொள்ளவில்லை. தொடருந்தில் இரண்டு முறை என் தரிப்பைத் தாண்டிப் போனேன். ஒருநாள் பெரியம்மா அவளைக் கூட்டிக்கொண்டு இடுகாடான தேவாலயத் தோட்டத்தைப் பார்க்கப் போனார். மரங்களைப் பார்த்தார். வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். அவ்வளவுதான். கலசம் கைக்கு வந்த நாளும் அதை வாங்கி ஒருமுறை மடியில் வைத்திருந்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

விமான நிலையத்தில்தான் சொன்னார். பெண் அதை மனைவிக்கு அப்படியே சொன்னாள்: “அடுத்த வருடம் இதே நாளுக்கு வருவேன். புடிங்கை நீ செய். உப்புப் போத்தலைக் குசினியிலிருந்து வெளியே வைத்துவிட்டுச் செய்.”

கலசம் நவம்பரில் இங்கேயே மண்ணுக்குள் போயிற்று. நாங்களும் போயிருந்தோம். பெண் சைக்கிளில் வந்தாள்.

குளிர்காலம் முழுவதும் நூலகத்தில் இதைப் பற்றி வாசித்தேன். கப்பலில் அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களிடையே ஒரு நம்பிக்கை இருந்ததாக ஓரிடத்தில் கண்டேன்: உப்புச் சாப்பிடாதவர்கள் பறந்து தங்கள் நாட்டுக்குத் திரும்பிப் போவார்கள், சாப்பிட்டவர்கள் பாரமாகி அந்த மண்ணிலேயே தங்கிவிடுவார்கள். இதை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“உந்தக் கதையைப் பிள்ளைக்குச் சொல்லாதேங்கோ. பிறகு அம்மா போகக்கூடாதெண்டு அவள் உப்புப் போட்டுச் செய்வாள்.”

சொல்லவில்லை. பெரியம்மாவுக்கு இந்தக் கதை தெரியுமா என்று நான் கேட்டதில்லை. அவர் மனம் மாறியது மனைவியின் பதிலாலா, அந்தக் கோணல் துண்டுகளாலா, தோட்டத்து மரங்களாலா என்று அவர் சொன்னதுமில்லை. நான் குறித்து வைத்தவற்றில் புடிங்குக்குப் போன பொருட்கள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் நான் பலகணியில் நின்ற நேரத்துக்கு அவை சாட்சியாகா. அந்தப் புடிங்கில் உப்பு இருந்ததா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படவில்லை.